சிவப்பு விளக்கு மின்னினால் என்ன பழுது என்று எழுதிக் கொடுங்கள்: ஒரு தச்சரின் திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் பதினாறு ஆண்டுகளாக மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலைகளை எடுத்துச் செய்துவருகிறேன். உங்கள் நிறுவனத்தின் 18 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்றும், ஸ்க்ரூ முறுக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும், அவற்றுக்குரிய 5 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டும், சார்ஜர் ஒன்றும் என்னிடம் உள்ளன. என் பெயரில் மூன்று புகார் எண்கள் உங்கள் கணினியில் இருப்பதால், முழுக் கதையையும் மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், படிக்கத் தொடங்கியதுமே உங்களுக்கு அது விளங்கிவிடும் என்பதுதான்.

ஆனால் அந்த ஒரு இரவைப் பற்றி மட்டும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சென்ற வைகாசியில், திருமங்கலத்துக்கு அருகே ஒரு புது வீட்டில், மறுநாள் விடியற்காலை கிரகப்பிரவேசம் என்றிருக்க, முந்தைய நாள் மாலை ஏழு மணிக்கு அலமாரிக் கதவுகளான ஷட்டர்கள் இருபத்திரண்டு மாட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்து நின்றன. இரண்டு பேட்டரிகளும் தீர்ந்துபோக, சார்ஜரில் மாட்டினால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னியதே தவிர சார்ஜ் ஏறவில்லை. உதவிக்கு வந்திருந்த என் தங்கை மகன் பேட்டரியைத் துணியால் துடைத்து மாட்டிப் பார்த்தான். பிளக் பாயின்ட்டை மாற்றிப் பார்த்தான். ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவிட்டும் பார்த்தான். வயர் டிரில் அன்று வேறொரு சைட்டில் இருந்தது. ஒரு ஷட்டருக்கு இரண்டு ஹிஞ்ச் (கீல்), ஒரு ஹிஞ்சுக்கு நான்கு ஸ்க்ரூ என்ற கணக்கில் 176 ஸ்க்ரூக்களை, 710 தரப் பிளைவுட்டில், நாங்கள் இருவரும் திருப்புளியால் கையாலேயே முறுக்கினோம். நள்ளிரவுக்குப் பிறகு வலது உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டதால் இடது கைக்கு மாறினேன். தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரரின் தாயார், “ஏப்பா, இத்தனை மெஷினைப் பரப்பி வச்சுக்கிட்டு கையால முறுக்குறீங்களே?” என்று கேட்டபோது, அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. கடைசி ஷட்டரை மாட்டி முடித்தபோது ஐயர் வாசலில் வந்து நின்றார்.

பழுது வருவது இயற்கை. அதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. அதற்குப் பிறகு உங்கள் சர்வீஸ் சென்டரில் நடந்ததுதான் என்னை எழுத வைத்திருக்கிறது. சார்ஜரையும் இரண்டு பேட்டரிகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். மேசையில் இருந்த இளைஞர் என் பேட்டரியை என் சார்ஜரிலேயே மாட்டி, விளக்கு மின்னுவதைப் பார்த்துவிட்டு, “செல் போயிருச்சு சார், ரெண்டுமே போயிருச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்றார். அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே அந்த மையத்தின் சொந்தச் சார்ஜர் ஒன்று இருந்தது. அதில் ஒருமுறை மாட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வேலை நின்றுவிடக் கூடாதே என்று ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து மாட்டினால், அதற்கும் அதே சிவப்பு, அதே பச்சை.

பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடம்கூட ஆகாத பேட்டரியின் செல்லும் போயிருக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மின்சாரம் செல்லும் இரண்டு தடித்த தகடுகளுக்கு நடுவே, பேட்டரியின் வெப்பநிலையைச் சார்ஜருக்குச் சொல்லும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அது சற்றே உள்வாங்கி, லேமினேட் தூளும் பசையும் சேர்ந்த ஒரு படலத்தால் மூடப்பட்டிருந்தது. பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரியின் அளவு கிடைக்காவிட்டால் சார்ஜர் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. லித்தியம் பேட்டரி விஷயத்தில் அப்படி மறுப்பதே சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் கொண்டு துடைத்து, தகட்டை இடுக்கியால் மெல்ல நிமிர்த்தி, முழுவதும் காய்ந்த பிறகு மின்சாரம் கொடுத்தேன். புதுப் பேட்டரியும் ஏறியது. உங்கள் மையம் செத்துப்போனதாக அறிவித்த பழைய பேட்டரிகளில் ஒன்றும் ஏறியது. அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றொரு பழைய பேட்டரி உண்மையிலேயே பழுதானது. வாங்கி ஐந்து மாதமே ஆகியிருந்த அதைப் பற்றித்தான் மூன்று புகார்களும். வெளியே முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 16.7 வோல்ட் காட்டியது. முழுதாக ஏறினால் 21 வோல்ட் காட்டக்கூடிய பேட்டரி என்பதால், பார்ப்பவருக்குச் சும்மா சார்ஜ் இறங்கிய பேட்டரி போலத்தான் தெரியும். வாரண்டி கிடையாது என்று நீங்கள் கைவிரித்த பிறகு, மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் அதை என் கண்முன் திறந்தார். உள்ளே பத்து செல்கள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடிகள் வரிசையில் இணைந்திருந்தன. நான்கு ஜோடிகள் 3.9 வோல்ட்டில் நலமாக இருக்க, ஒரு ஜோடி மட்டும் 1.1 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. செல் இறங்கக்கூடிய எல்லையான 2.5 வோல்ட்டுக்குக் கீழே அவ்வளவு தூரம் இறங்கிக் கிடந்த செல்லுக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும், அதில் மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று நண்பர் விளக்கினார். ஆகவே சார்ஜர் மறுத்ததில் எனக்குக் குறையில்லை. ஐந்து மாதத்தில் ஒரு ஜோடி மட்டும் ஏன் தனியாக விழுந்தது, ஜோடிகளின் வோல்ட்டைச் சமன்செய்யும் வேலை பேட்டரிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு உங்களிடமிருந்து ஒரு வரி பதில் வராததே என் குறை.

உங்கள் பதிலில் இருந்தது வேறு ஒரு வரி: “பொருளுக்குள் தூசி புகுந்துள்ளது, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.” தச்சு வேலைக்கென்று விளம்பரம் செய்து விற்கும் கருவியைத் தூசி படாமல் பயன்படுத்தும் வித்தையை உங்கள் விளம்பரப் படத்தில் வரும் அந்த வெள்ளைச் சட்டைத் தச்சரிடம்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

என் முதல் கோரிக்கை இதுதான். பேட்டரியையோ சார்ஜரையோ நாங்கள் கொண்டுவரும்போது, அளந்து பார்த்து, என்ன பழுது என்று எழுதிக் கொடுங்கள். மொத்த வோல்ட் எவ்வளவு, ஐந்து ஜோடிகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு, வெப்ப உணரி சரியான அளவைக் காட்டுகிறதா, இன்னொரு சார்ஜரில் மாட்டினால் ஏறுகிறதா என்ற நான்கு விவரங்களும் ஒரு அரைத் தாளில் அடங்கிவிடும். அந்த அரைத் தாள் அன்று கிடைத்திருந்தால் எனக்கு ஆறாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இந்த அரைத் தாளுக்காக நான் சென்னைவரை வந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். மதுரை மையத்தில் முடிவெடுக்க அதிகாரம் இல்லை, சென்னைக்கு அனுப்புங்கள் என்றார்கள். தனி லித்தியம் பேட்டரியைக் கூரியர்காரர் தொடவே மறுத்துவிட்டார். பாண்டியன் எக்ஸ்பிரஸில் பேட்டரியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு எழும்பூரில் வந்து இறங்கினேன். அங்கேயும் ஒருவர் சார்ஜரில் மாட்டினார், விளக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

சொல்லத் தொடங்கியபின் இதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசி வாங்கினால் எந்த நிறுவனத்தின் சார்ஜரையும் மாட்டலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. தச்சனின் நிலையோ வேறு: உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே அளவுச் செல், அதே ஐந்து வரிசை, அதே 18 வோல்ட். வெளியே பிளாஸ்டிக்கின் மேடு பள்ளமும் இணைப்பு முனைகளும் வேறு என்பதால், ஒரு நிறுவனத்தின் பேட்டரி அடுத்த நிறுவனத்தின் டிரில்லில் பெரும்பாலும் ஏறாது. பேட்டரி போனால் இரண்டு கருவிகளும் போனதற்குச் சமம் என்பதை அறிந்துதான் பேட்டரிக்கு அந்த விலை வைத்திருக்கிறீர்களோ என்னவோ. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இந்திய ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. அதே ஆண்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்துபோன பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்தன. உங்கள் பேட்டரியின் முதுகிலும் குப்பையில் போடாதே என்று சொல்லும், குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் அச்சாகியிருக்கிறது. பழுதான செல்களை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் மையத்தில் நான் கேட்டதற்கு, மேசைக்கடியில் இருந்த குப்பைத்தொட்டியைத்தான் காலால் தள்ளிக் காட்டினார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது புதுப் பேட்டரி அன்று, நட்ட ஈடும் அன்று. அந்த அரைத் தாளோடு, விளக்கு எப்படி மின்னினால் எது பழுது என்ற பட்டியலைத் தமிழிலும் அச்சிட்டுத் தாருங்கள். கத்திரி வெயிலில் வேனுக்குள் கிடந்த பேட்டரியை மாட்டினால், சூடு தணியும்வரை சார்ஜர் காத்திருக்கிறது. அந்த மின்னலும் பழுதுக்கான மின்னலும் வேறு வேறு என்பது, பன்னிரண்டு மொழிகளில் அச்சான உங்கள் கையேட்டில் ஒரு மூலையில், எங்களால் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. தமிழ் அவற்றில் இல்லை.

இதைக் காலதாமதம் செய்யாமல் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சொல்லாததை எங்கள் தெருவில் வேறு சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பேட்டரியிலிருந்து செத்த பேட்டரிக்கு இரண்டு வயரை இழுத்து, ஐந்து நிமிடம் “கரன்ட் கொடுத்து எழுப்பும்” வழக்கம் இப்போது சைட்டுக்கு சைட் பரவிவிட்டது. 1.1 வோல்ட்டில் கிடந்த என் பேட்டரியையும் அப்படி எழுப்பித் தருவதாக ஒருவர் ஐம்பது ரூபாய் கேட்டார். எழுந்திருந்தால் அதை இரவு முழுவதும் பிளைவுட் அடுக்கின் மேல் சார்ஜ் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே என் தங்கை மகன் படுத்திருப்பான்.

நண்பர் அந்த ஜோடியை மாற்றிப் பொருத்திய பிறகும், போர்டு பழைய பழுதை நினைவில் வைத்துக்கொண்டு சார்ஜரை ஏற்க மறுக்கிறது. பழைய செல்லோடு புது செல்லைக் கலப்பது சிறந்த முறையல்ல என்று அவரே ஒப்புக்கொண்டதால், அந்தப் பூட்டை எங்களிடம் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மையத்தார் சோதித்து, பாதுகாப்பானது என்றால் திறக்கட்டும். இல்லையென்றால் ஏன் திறக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். எப்படியானாலும், அன்புகூர்ந்து, அளந்து எழுதிக் கொடுங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இந்த மடலின் பிரதியோடும் அந்தப் பேட்டரியோடும் உங்கள் மதுரை மையத்துக்கு வருகிறேன். அங்கே மல்டிமீட்டர் இல்லையென்றால் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவியுங்கள், என்னுடையதை எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மூன்று புகார் எண்களுக்கும் உரிய தச்சர்,
மதுரை.