மாட்டுக் கொட்டகைக்குப் போட்ட சொத்து வரியை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மேலத்தெரு, ஏரிக்கரைத் தெரு மக்கள் (மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட முன்னாள் ஊராட்சி)

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: சொத்து வரி மறு அளவீடு, பழைய மனுக்களுக்குப் பதில் வராதது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாநகராட்சியில் சேர்க்க வேண்டாம் என்று 2024 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். 2025-இல் சேர்த்துவிட்டார்கள். சரி, அரசின் முடிவு. ஆனால் அதன் பிறகு வந்த வரியைப் பற்றித் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்த மனுக்களுக்கு, 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. அந்த அலுவலர் மேல்தான் ஐயா மனுவே.

1. முன்பு ஓட்டு வீட்டுக்கு ஒரு விகிதம், மாடி வீட்டுக்கு ஒரு விகிதம் என்று ஊராட்சி கிளார்க்கிடம் வீட்டு வரி கட்டினோம். இப்போது அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி. கல்வி வரி, நூலக வரி எல்லாம் அதில் அடக்கம்.

2. எங்களை அதிகம் வதைப்பது அளவு. அளக்க வந்தவர் டேப்பை வாசலில் பிடித்துப் புழக்கடை வரை இழுத்துப் போனார். திண்ணை, விறகுச் சாய்ப்பு, மாட்டுக் கொட்டகை எல்லாம் கட்டடமாகிவிட்டன. ஏரிக்கரைத் தெரு தங்களுக்குத் தெரியும். முன்னால் இரண்டு அறை ஓட்டு வீடு, பின்னால் அதைவிடப் பெரிய கொட்டகை. நாலு கல்தூண், மேலே கீற்று, சுவரே கிடையாது. அதில் யார் குடியிருக்கிறார்கள்? ஒரு வீட்டில் கொட்டகையைப் பிரித்தே போட்டுவிட்டார்கள். மாடு வேப்பமரத்தடியில் நிற்கிறது, வரி அப்படியே நிற்கிறது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவர்கள் மாட்டை எங்கே கட்டுவது, சொல்லுங்கள்.

3. நகரமானதால் நூறு நாள் வேலை போயிற்று. 2024-இல் நிர்ணயித்த கூலி 319 ரூபாய். கைக்கு வந்தது குறைவுதான், ஆனாலும் வீட்டு வரியை அதில்தான் கட்டினோம். இப்போது வேலை இல்லை, வரி உண்டு. தாமதமானால் மாதம் 1 சதவீதம் தண்டம் வேறு.

4. பாதாள சாக்கடை எங்கே என்றால் மதிப்பீடு தயாராகிறதாம். வரிக்கு மட்டும் மதிப்பீடு எப்படி உடனே தயாரானது?

5. கொட்டகையை வந்து பாருங்கள் ஐயா.

கொட்டகை, திண்ணை, சாய்ப்பை நீக்கி மறுபடி அளக்கவும், அதுவரை பழைய ஊராட்சி விகிதத்தில் வரி வாங்கவும், வரி ரசீது இல்லை என்று குடிநீர் இணைப்பை மறுக்காமல் இருக்கவும் ஆணையிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து இந்த மனுவையும் அதே அலுவலருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மேலத்தெரு, ஏரிக்கரைத் தெரு மக்கள்