விலக்கு தீர்ப்பில் வேண்டாம், வழக்குப் பதிவிலேயே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயதுக் காதலர்கள் மீது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பாயலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் 'பாலுறவுக்கான சம்மத வயதை 16 ஆக்கு' என்று ஒரு தரப்பும், '18-ஐத் தொடாதே' என்று இன்னொரு தரப்பும் குரல் கொடுப்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. வழக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. அதைப் பார்த்தால்தான், வயதில் நெருங்கிய காதலர்களுக்கு விலக்கு தரச் சட்டத்தில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது பிடிபடும்.

2012 நவம்பர் 14-ல் போக்சோ நடைமுறைக்கு வரும்வரை நம் நாட்டில் சம்மத வயது 16. போக்சோ மசோதாவாக இருந்தபோது, 16 முதல் 18 வரையிலானவர்கள் விஷயத்தில் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று ஆராய இடம் தரும் வாசகம் ஒன்று அதில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்து அது நீக்கப்பட்டது. 2013-ல் பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 16-லேயே வைக்கச் சொல்லியும் இந்திய தண்டனைச் சட்டம் 18-க்கு மாறியது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவிலும் அதே 18தான். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த வரலாறு. அதிகம் பேசப்படாதது போக்சோவின் 5-ஆவது பிரிவு.

அந்தப் பிரிவு 'கடுமையான' குற்றங்களைப் பட்டியலிடுகிறது. காவலர், விடுதிக் காப்பாளர், ஆசிரியர், உறவினர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் குற்றங்கள் அதில் வருகின்றன, சரிதான். கூடவே 5(எல்) 'ஒரு முறைக்கு மேல்' என்கிறது. 5(ஜே) குழந்தை கர்ப்பமானால் என்கிறது. ஒரே குழந்தையை மீண்டும் மீண்டும் சீரழிப்பவனை மனதில் வைத்து எழுதிய வரிகள் இவை. ஆனால் காதலித்துச் சேர்ந்து வாழ்ந்த ஜோடியில் இந்த இரண்டில் ஒன்று அநேகமாக இருந்தே தீரும். எனவே வழக்கு, சாதாரணக் குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் 4-ஆவது பிரிவில் நிற்காமல், 'கடுமையான' குற்றத்துக்குத் தண்டனை சொல்லும் 6-க்கு நேராகத் தாவிவிடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 4-ல் குறைந்தபட்சம் 10 ஆண்டு, குழந்தை 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. 6-ல் வயது எதுவானாலும் குறைந்தபட்சம் 20 ஆண்டு. 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் என்றால், குற்றம் நிரூபணமானால் அவன் வெளியே வரும்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கொலையாகாத மரணத்தை விளைவிக்கும் குற்றத்துக்கே நியாய சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவில் குறைந்தபட்சம் 5 ஆண்டுதான். குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டம் சொல்லிவிட்டால், அமர்வு நீதிபதி எவ்வளவு இரக்கப்பட்டாலும் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது.

பையனுக்கும் 17 என்றால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குறைந்தபட்சம் 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ளவை இளைஞர் நீதிச் சட்டத்தில் கொடுங்குற்றங்கள். 16 முடிந்தவன் என்றால் 15-ஆவது பிரிவின்கீழ் முதற்கட்ட மதிப்பீடு நடக்கும்; பெரியவர்களைப் போல அவனை விசாரிக்கவும் அனுப்பலாம். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் பெண், குற்றவாளி பையன் என்றே கோப்பு தயாராகிறது.

வழக்கு கிளம்பும் விதத்தைப் பாருங்கள். மகளைக் காணவில்லை என்று அப்பா புகார் தருகிறார். 'பெண் காணவில்லை' என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. சில நாட்களில் செல்போன் சிக்னலை வைத்து இருவரையும் வெளியூர் வாடகை அறை ஒன்றிலிருந்து அழைத்து வருகிறார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பெண்ணுக்கு 17 வயது 4 மாதம். பிரிவு மாற்ற அறிக்கை தயாராக அந்த ஒரு வரி போதும்: நியாய சன்ஹிதா 137(2) கடத்தல், போக்சோ 5(எல்) உடன் இணைந்த 6. பையன் நீதிமன்றக் காவலுக்குப் போகிறான். பெண் முதலில் அரசு மருத்துவமனைக்கு, அடுத்து நடுவர் முன்பு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆவது பிரிவு வாக்குமூலத்துக்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164), பிறகு குழந்தைகள் நலக் குழுவுக்கு. 'வீட்டுக்குப் போகமாட்டேன்' என்று அவள் சொன்னால் 18 முடியும்வரை இல்லத்தில் இருக்க நேரிடும். ஆக, பாதுகாக்கப்படுபவள் என்று சட்டம் சொல்பவளும் ஒரு வகையில் அடைபட்டுத்தான் கிடக்கிறாள்.

ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்று போக்சோவின் 35-ஆவது பிரிவு சொல்கிறது, முடிவது அபூர்வம். சாட்சிக் கூண்டுக்கு வரும்போது அந்தப் பெண் அவனையே மணந்து கைக்குழந்தையோடு வருவாள், அல்லது வேறு ஒருவரை மணந்திருப்பாள். இரண்டிலும் வழக்கு நிலைப்பதில் அவளுக்கு விருப்பம் இராது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பாள், அரசு வழக்குரைஞர் பிறழ் சாட்சியாக அறிவிப்பார், பையன் விடுதலை. பெங்களூரின் என்ஃபோல்டு அமைப்பு 2016 முதல் 2020 வரை அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் வந்த 7,064 தீர்ப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் 1,715, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று, காதல் வழக்குகள். அவற்றில் 93 சதவீதத்துக்கும் மேல் விடுதலையில் முடிந்தன.

'விடுதலைதானே, பிறகென்ன' என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண் பொய் சொன்னால் பையன் விடுதலை. 'ஆமாம், நாங்கள் விரும்பித்தான் சேர்ந்திருந்தோம்' என்று சத்தியப் பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டு உண்மை சொன்னால் 20 ஆண்டு. இன்னொரு கேடும் உண்டு. மிரட்டியோ பணம் கொடுத்தோ உண்மையான பாதிப்பாளரைப் பிறழ் சாட்சியாக்கிய வழக்கும் இதே விடுதலைக் கணக்கில்தான் கலக்கிறது. ஆண்டுதோறும் வரும் புள்ளிவிவரத்தில் எது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. குழந்தைகள் மீதான நிஜமான வன்கொடுமையைத் தண்டிக்க நினைப்பவர்கள்தான் காதல் வழக்குகளை வெளியே எடுக்கச் சொல்லி முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில் ஒரு வழி சொன்னது: வயது 18-லேயே இருக்கட்டும்; 16 முதல் 18 வரையிலான வழக்குகளில் சூழ்நிலையைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை சிறப்பு நீதிமன்றத்துக்குத் தரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டனை என்பது வழக்கின் கடைசிப் படி. கைது, காவல், மருத்துவப் பரிசோதனை, இல்லவாசம், நின்றுபோன படிப்பு எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். தண்டனை குறைந்தாலும் குற்றவாளி என்ற பதிவு நிலைக்கும். அந்தக் குடும்பங்களுக்கு ஆணையத்தின் யோசனை வந்து சேரும்போது காலம் கடந்திருக்கும்.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி.பார்த்திபன், வயது வரம்பை மறுபரிசீலனை செய்யவும் வயது வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவும் யோசனை சொன்னார். 2021-ல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இளம் வயதுக் காதலைக் குற்றமாக்குவது போக்சோவின் நோக்கமே அல்ல என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தார். ஆனால் ரத்து கேட்டு சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ வருவதற்குக் காசும் ஆள்பலமும் வேண்டும். அது கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பையனுக்கு எட்டாது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தண்டனை விதிக்காமல் விட்டதைப் பலரும் வெற்றியாக எழுதினார்கள். அது அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது உறுப்பின்கீழ், உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரத்தால் நடந்தது. அதிலும் அந்தப் பெண்ணுக்குச் சம்பவத்தின்போது 14 வயது. அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது ஆபத்தானது. கீழே நான் கேட்கும் விலக்கு அத்தகைய வழக்குக்குப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

வயதை ஒட்டுமொத்தமாக 16-க்கு இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் 16 வயதுப் பெண்ணிடம் போகும் 35 வயது ஆணுக்கும் கதவு திறந்துவிடும்; குழந்தைத் திருமணத்துக்கும் மறைவிடம் கிடைக்கும். தேவைப்படுவது நெருங்கிய வயதினருக்கான விலக்கு. கனடாவில் சம்மத வயது 16. 14, 15 வயதினருக்கு 5 ஆண்டுக்குக் குறைவான வித்தியாசத்திலும், 12, 13 வயதினருக்கு 2 ஆண்டுக்குக் குறைவான வித்தியாசத்திலும் விலக்கு உண்டு. மற்றவர் அதிகாரத்திலோ பொறுப்பிலோ இருந்தால் கிடையாது. நமக்கு அவ்வளவு இறங்க வேண்டியதில்லை. இளையவருக்கு 16 முடிந்திருக்க வேண்டும். வித்தியாசம் 3 ஆண்டுக்கு மிகக் கூடாது. இருவருமே 16-க்குக் கீழ் உள்ள குழந்தைகள் என்றால் விலக்கு வேண்டாம், குழந்தைகள் நலக் குழுவின் ஆலோசனையோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இதை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஒரு 'விதிவிலக்கு' என்று சேர்த்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு, பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆவது பிரிவுப்படி (பழைய சாட்சியச் சட்டம் 105), குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் விழும். போக்சோவின் 29-ஆவது பிரிவோ அவன் குற்றம் செய்தான் என்றே அனுமானித்துக்கொண்டு தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் விலக்கு காகிதத்தில்தான் இருக்கும். எனவே போக்சோவின் 3, 7 ஆகிய பிரிவுகளில் குற்றத்தின் வரையறைக்குள்ளேயே, இத்தகைய உறவு குற்றமாகாது என்று எழுத வேண்டும். வழக்குப் பதிவு செய்யும்போதே ஆய்வாளர் அதைப் பார்த்தாக வேண்டும். காவலர், கல்வி நிலைய ஊழியர், உறவினர், பலர் சேர்ந்து செய்த குற்றம் என்று 5-ஆவது பிரிவில் உள்ள மற்ற உட்பிரிவுகளில் ஒன்று பொருந்தினாலும் விலக்கு ரத்து. பலவந்தம், மிரட்டல், பணம், படமெடுத்துப் பரப்புதல் இருந்தாலும் ரத்து. போக்சோவை மட்டும் திருத்தினால் போதாது. நியாய சன்ஹிதாவின் 63, 137 பிரிவுகளையும் சேர்த்தே திருத்த வேண்டும். இல்லையென்றால் அதே உறவுக்கு வேறு எண்ணில் வழக்கு வரும்.

வயதைத் தீர்மானிப்பதிலும் சிக்கல் உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு முதலில் பள்ளிச் சான்றிதழை, அதன்பின் பிறப்புச் சான்றிதழை, இரண்டும் இல்லாதபோதே எலும்பு வளர்ச்சிப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்கிறது. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. எலும்புப் பரிசோதனையிலோ இரு பக்கமும் 2 ஆண்டு வரை பிழை வரலாம் என்று நீதிமன்றங்களே ஏற்றிருக்கின்றன. 3 ஆண்டு வித்தியாசத்தை அளக்க அது உதவாது. ஆவணம் இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதைச் சட்டமே சொல்லிவிட வேண்டும்.

'பெண்ணின் சம்மதம் அவளுடையதுதானா, பையன் வீட்டார் சொல்லிக் கொடுத்ததா?' என்பது நியாயமான கேள்வி. அப்பா சொல்லிக் கொடுத்த புகாரா என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி. பையன் வேறு சாதி என்றால் கடத்தல் புகார் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது காவல் நிலையத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதற்கு மருந்து, இரு வீட்டாரும் அருகில் இல்லாமல், குழந்தைகள் நலக் குழுவின் ஆதரவு நபர் ஒருவர் பெண்ணுடன் பேசிய பிறகே நடுவர் முன் வாக்குமூலம் பதிவது. வளாகத்தில் அப்பா உட்கார்ந்திருக்க, உள்ளே ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை.

மருத்துவர்களின் நிலைமை தனி. போக்சோவின் 19-ஆவது பிரிவு தகவல் தெரிந்த எல்லோரையும் புகார் தரச் சொல்கிறது. தராவிட்டால் 21-ன்படி 6 மாதம் வரை சிறை. ஆகவே 17 வயதுக் கர்ப்பிணி மருத்துவமனைப் பக்கமே வர அஞ்சுகிறாள். மருந்துக் கடை மாத்திரையை விழுங்கி ரத்தப்போக்கோடு வருகிறாள், அல்லது பரிசோதனை எதுவும் இல்லாமல் நேராகப் பிரசவ வலியோடு வருகிறாள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் பெயரையும் அடையாளத்தையும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றது. அந்தச் சலுகை கருக்கலைப்போடு நிற்கிறது. பெற்றெடுக்க விரும்புபவளுக்கு இல்லை. விலக்குக்குள் வரும் உறவுகளில் தகவல் காவல் நிலையத்துக்குப் போகாமல் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகட்டும்.

டெல்லி செய்யும்வரை காத்திருக்க வேண்டுமா? 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல் துறைத் தலைவர், இத்தகைய வழக்குகளில் அவசரக் கைது கூடாது, கைதுக்கு முன் காவல் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல காரியம். ஆனால் 10 ஆண்டு, 20 ஆண்டு தண்டனைக்குரிய குற்றத்தில் கைது செய்யாமல் விட்டதற்கு நாளை தன்னிடம் விளக்கம் கேட்பார்களோ என்ற பயம் ஆய்வாளருக்கு இருக்கும். சுற்றறிக்கை அந்தப் பயத்தைப் போக்காது, சட்டம்தான் போக்கும். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட, மத்தியச் சட்டங்களுக்கே நம் பேரவை திருத்த மசோதா நிறைவேற்றியது. 254(2) உறுப்பின்கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கேட்டு இதற்கும் ஒரு மசோதா கொண்டுவரத் தடையில்லை. அதில் நிலுவை வழக்குகளுக்கும் விலக்கு பொருந்தும் என்று ஒரு பிரிவைச் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லையேல் இப்போது சிறையில் இருக்கும் பையன்களுக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பயனும் இராது.

இப்படிக்கு,
போக்சோ வழக்குகளில் பணியாற்றும் வழக்குரைஞர்,
மதுரை