ஊதிப் பார்த்து எழுதி வை

அன்புள்ள கண்ணு,

உன் ஆஸ்துமாவுக்கு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிவிட்டாய் என்றதும் நிம்மதியாக இருந்தது. மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்பதை முள் நகர்ந்து எண்ணாகக் காட்டும் சின்னக் கருவிதானே அது. மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கி, நெஞ்சு இறுகுவது நமக்குத் தெரிவதற்கு முன்பே பல நேரம் எண் இறங்கிவிடும். அதனால் போனில் நீ சொல்கிற "நல்லாத்தான் இருக்கேன்"ஐவிட அந்த முள்ளைத்தான் நான் நம்புவேன்.

முள்ளை அடிக்கோட்டுக்கு இறக்கிவிட்டு நிமிர்ந்து நில். நெஞ்சு நிறைய மூச்சை இழு. அடக்கிவைக்காமல், குழாயைச் சுற்றி உதட்டை இறுக மூடி, முழு பலத்தோடு சட்டென்று ஊது. முதல் வேகம்தான் கணக்கு. நீட்டி ஊதுவதால் எண் கூடாது. மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுது. சராசரி எடுக்காதே. பெரிய எண்கள் இரண்டுக்கும் நடுவில் 40க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஊதியதில் கோளாறு, இன்னொரு முறை ஊது.

நாக்கு துளையை மறைத்தாலோ, உதட்டோரம் காற்று கசிந்தாலோ, விரல் முள்ளைத் தடுத்தாலோ எண் குறையும். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல் ஊதினாலும், நடுவில் இருமினாலும் பொய்யாகக் கூடும். இந்தப் பொய்தான் ஆபத்து, மோசமான நாளையும் நல்ல நாளாகக் காட்டிவிடும்.

வீசிங் இல்லாமல் இருக்கும் இரண்டு வாரம், காலையும் மாலையும் இன்ஹேலருக்கு முன்பு ஊதி எழுது. அதில் வரும் மிகப் பெரிய எண்தான் உன் அளவுகோல். அட்டவணையில் உயரத்துக்கும் வயதுக்கும் போட்டிருப்பது பொதுக் கணக்கு, உன்னுடையது அல்ல. உன் எண் 450 என்று வை: அதில் 80 சதவீதமான 360க்கு மேல் பச்சை (நல்ல நிலை), 50 சதவீதமான 225 முதல் 360 வரை மஞ்சள் (எச்சரிக்கை), அதற்குக் கீழே சிவப்பு (ஆபத்து). மீட்டரை மாற்றினால் இந்த எண்ணையும் புதிதாக எடுக்க வேண்டும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

காலை எண்ணையும் மாலை எண்ணையும் சேர்த்தே பார். காலையில் 340, மாலையில் 420 என்று நாள்தோறும் ஆடினால், மாலை எண் பச்சையில் இருந்தாலும் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் உடம்பு சொல்வதையே கேள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் மீட்டரைத் தேடாதே. நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

மீட்டரை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நன்றாக உலரவிடு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டையும் மீட்டரையும் கொண்டுபோ. அவர் எதிரில் ஒருமுறை ஊதிக் காட்டு. மஞ்சளில் எந்த மருந்து எத்தனை பஃப், சிவப்பில் என்ன செய்வது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கு. அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா