நாலு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள்

கோவையில் அம்மாவுக்கு அப்ளேஷன் செய்த மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

அம்மாவின் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனை, அதாவது இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறை, அப்ளேஷனில் இதயத்துக்குள்ளே சூடு வைத்து அடக்கிக் கொடுத்தீர்கள். அந்த நன்றி குறையாது. ஆனால் முன்பெல்லாம் நல்ல நாட்களில் நிமிடத்துக்கு 66 இருந்த துடிப்பு, கோத்தகிரிக்குத் திரும்பியபின் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 80க்குக் கீழே வரவில்லை. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி, "மறுபடி வந்துருச்சும்மா" என்றார் அம்மா. வண்டி பிடித்து மலையிலிருந்து கோவைக்கு இறங்கினோம். பலாப்பழ சீசன், யானைகள் பழம் தேடி வரும் காலம். வழியில் குஞ்சப்பனையில் யானை ரோட்டில் நின்றது. விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் அம்மா தன் மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள். "நார்மல்தான், டென்ஷன் ஆகாதீங்க." பில் கட்டினோம். இப்படி மூன்று முறை.

நான்காம் முறை ஓர் இளம் டாக்டர் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் இடது மேலறையில் சேரும் வாயைச் சுற்றித்தான் சுடுகிறார்கள். அங்கேயே கொழுப்புக்குள் குட்டி நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. வேகஸ் நரம்பு துடிப்புக்குப் பிரேக் போடுவது அவற்றின் வழியாக. சூட்டில் அவையும் கொஞ்சம் கருகும், பிரேக் தளரும், துடிப்பு பத்துப் பதினைந்து கூடும். பலருக்குச் சில மாதங்களில் இறங்கும், சிலருக்கு அப்படியே நிற்கும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் படபடப்பு எட்டிப் பார்த்தாலும் சிகிச்சை தோற்றதாகக் கணக்கில்லையாம். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

அந்த இரண்டு நிமிடம் டிஸ்சார்ஜ் அன்று எங்கே போனது?

கையில் கொடுத்த ஃபைலில் ஒன்பது பக்கம் ஆங்கிலம். தமிழில் ஒரே வரி: ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். வைத்திருக்கிறோம், நான்கையும்.

அந்த ரத்தக் குழாய்களிலிருந்துதான் பெரும்பாலும் கோளாறு கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998லேயே காட்டிவிட்டார்கள். இப்போது சூட்டுக்குப் பதில் மின்துடிப்பால் செய்யும், நரம்பை அதிகம் தொடாத முறையும் வந்துவிட்டது. விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒரு தாள் தமிழ் மட்டும் மலையேற மாட்டேன் என்கிறது. மேலே வரும் சுற்றுலா வண்டியை இ-பாஸ் போட்டு எண்ணுகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறவர்களை எண்ண ஆளில்லை. அது உங்கள் தவறில்லைதான். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது நாலு வரி. துடிப்பு எவ்வளவு கூடலாம், எத்தனை மாதம், எதற்குப் பயப்பட வேண்டாம். மயக்கம், மூச்சுத்திணறல், காய்ச்சல், கை கால் விளங்காமல் போவது என எது வந்தால் அந்த நொடியே கிளம்ப வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே, தமிழில், அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு பெரிய எழுத்தில்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு வருகிறோம். அதற்குள் அந்தத் தாளைத் தயார் செய்ய முடியுமா? தயவுசெய்து எங்களுக்கு இரண்டு பிரதி. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் உங்களிடம்தான் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்