பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு பள்ளி வேன்காரரின் திறந்த மடல்

பினாங்கிலுள்ள தமிழ்ப்பள்ளிகள், இடைநிலைப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செபராங் பிறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்கு அடுக்குமாடி வீடுகளின் கீழே நின்று ஹாரன் அடிப்பதில் என் நாள் தொடங்கும். முதலாம் ஆண்டில் அழுதுகொண்டே ஏறிய பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில் மீசையோடு இறங்கிப் போவதைப் பார்த்தவன். பிள்ளைகள் ஆசிரியர் முன்னால் பேசாததையும் அப்பா முன்னால் பேசாததையும் என் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் இரண்டாம் படிவத்தில் படித்த ஒரு பையன். முதலாம் ஆண்டிலிருந்தே என் வேன்தான். அம்மா பிறையில் தொழிற்சாலை வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்டு. பள்ளிக் கழிவறையில் வேப் எனும் மின்சிகரெட் இழுத்ததாகப் பிடித்து, இரண்டு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். கடிதம் மலாயில் இருந்தது. அந்தத் தாய்க்கு மலாய் பேச வரும், அலுவலகக் கடிதம் படிக்க வராது. இரவு வேலை முடிந்து வந்து அசந்து கிடந்தவரிடம் மகனே அதைப் படித்துக் காட்டியிருக்கிறான். பள்ளியில் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி, அதற்கு அனுமதிக் கையெழுத்து வேண்டும் என்று. அவரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்த இரண்டு வாரமும் அவன் சீருடை மாட்டிக்கொண்டு என் வேனில் ஏறினான். நானும் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கினேன். என் வேன் திரும்பியதும் பின்பக்கச் சந்து வழியாகக் கடைவரிசைக்குப் போய்விடுவான். மதியம் அதே வாசலில் வந்து நிற்பான். பத்து நாள் கழித்து இன்னொரு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேப்புக்காகப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவன், அந்தப் பத்து நாளும் வேப் விற்கிற கடையின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் இருந்தான். அங்கே கொண்டுபோய் விட்டவன் நான். அவன் அம்மாவிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "அண்ணே, எனக்கு யாருமே போன் பண்ணலையே" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

வேப் என்றதும் நம்மில் பலருக்கு இன்னும் பழைய பெரிய பெட்டியும் அது கக்கும் புகையும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. என் வேன் இருக்கையின் அடியில் கிடைத்ததைச் சொல்கிறேன். வண்ணம் தீட்டுகிற ஹைலைட்டர் பேனா என்று எடுத்துப் பென்சில் பெட்டியில் போட்டுவைத்தேன். கையில் கொஞ்சம் கனம் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழ ஐஸ் வாசம். ஒரு முனையை வாயில் வைத்து இழுத்தால் மறு முனையில் நீல விளக்கு எரியும். சாம்பல் இல்லை, தீப்பெட்டி வேண்டாம், சட்டையில் நாற்றம் ஒட்டாது. இருபது முப்பது வெள்ளி விலை என்றால் நான்கு பேர் ஆளுக்கு ஐந்து வெள்ளி, ஏழு வெள்ளி போட்டு வாங்கி, கைமாற்றி இழுக்கிறார்கள். பசியாறக் கொடுத்த காசுதான் அது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் தலைவலி என்று ஜன்னலில் சாய்ந்து வருகிற பிள்ளையைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இதில் உள்ள நிக்கோட்டின் உப்பு வடிவத்தில் இருப்பதால் தொண்டையைக் கமறாது. எங்கள் காலத்தில் முதல் சிகரெட் இருமலையும் வாந்தியையும் கொடுத்தது, பாதிப் பேர் அன்றோடு விட்டோம். இதில் அந்தத் தடுப்பு இல்லை. ஐந்து விழுக்காடு என்று எழுதியிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். பதின்மூன்று வயது மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற மூளை. அது பெரியவர்களைவிட விரைவில் பழகிவிடும், விடுவதற்கு அதிகம் தவிக்கும்.

சுகாதார அமைச்சு 2022-இல் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. 2017-இல் அது 9.8 விழுக்காடு. ஏழு பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வேனில் பதினான்கு இருக்கை.

அந்த ஆய்வுக்குப் பிறகு நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. வேப் திரவத்துக்கு வரி விதிக்க வேண்டும் என்பதற்காக, 2023 மார்ச் 31-இல் திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஏப்ரல் 1 முதல் வரி வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்ற 852-ஆம் சட்டமோ 2024 அக்டோபர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. இடையில் பதினெட்டு மாதம், சீருடைப் பிள்ளைக்கு நிக்கோட்டின் வேப் விற்றவரைத் தடுக்கச் சட்டம் கிடையாது. 2007 முதல் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்று முதலில் கொண்டுவந்த பிரிவையும் 2023-இல் மசோதாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் வேனில் வருகிற எல்லாப் பிள்ளைகளும் 2007-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தப் பதினெட்டு மாதத்தில் பழகியவர்களைத்தான் இன்று நீங்கள் கட்டொழுங்கு அறையில் நிற்க வைக்கிறீர்கள். பெரியவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாக அவர்கள் போனார்கள். தண்டனை மட்டும் அவர்களுக்கு.

வேப்போடு நிற்பதும் இல்லை. வடக்கு மாநிலங்களில் கெத்தும் தண்ணீரை, அந்த இலையைக் கொதிக்கவைத்த போதை நீரை, அறியாதவர் யார்? பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு போட்டு, ஆயர் பண்டோங் என்ற ரோஸ் பால் மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். அதோடு இருமல் மருந்தைக் கலப்பதும் உண்டு. வேப் திரவத்திலேயே போதைப்பொருள் கலந்து விற்றவர்களைப் போலீஸ் நாட்டின் பல இடங்களில் பிடித்திருக்கிறது. மாம்பழ வாசத்துக்குள் என்ன இருக்கிறது என்று இழுக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தேசிய நச்சு மையமும் போதைப்பொருள் ஆய்வு மையமும் நம் தீவிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் வந்து பேசக்கூடியவர்களை எத்தனை சங்கங்கள் அழைத்திருக்கின்றன?

நான் பார்த்தவரை பிள்ளைகள் கைநழுவும் இடம் ஒன்றுதான். ஆறாம் ஆண்டு முடிந்து முதலாம் படிவம் தொடங்கும் அந்த இடைவெளி. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியருக்குப் பிள்ளையின் பாட்டி பெயர்கூடத் தெரியும். ஒருநாள் வரவில்லை என்றால் என் கைபேசிக்கு அழைப்பு வரும். சங்கக் கூட்டத்துக்கு அம்மாக்கள் நிறைய வருவார்கள். ஜனவரியில் அதே பிள்ளை ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒரு எண் ஆகிவிடுகிறது. கூட்டம் மலாயில் நடக்கும், புரியாது, கூச்சம். நம் அம்மாக்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இந்தியப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று உங்கள் கூட்டங்களில் சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு அக்கறை இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மகனை வேனில் ஏற்றிவிட்டு, வேன் முனை திரும்பும்வரை கீழேயே நிற்பவர் அவர்.

ஆகவே இடைநிலைப்பள்ளிச் சங்கங்களே, ஒரு பிள்ளை பிடிபட்டால் கடிதத்தைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்ப விடாதீர்கள். தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவர் அன்றே தாயையோ தகப்பனையோ அழைத்துப் பேசட்டும். ஒரு போன், பத்து நிமிடம். தமிழ் பேசும் உறுப்பினர் இல்லை என்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிச் சங்கத்தைக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிச் சங்கங்களே, ஆறாம் ஆண்டுப் பிரியாவிடை விருந்தோடு உங்கள் கடமை முடிந்ததாக நினைக்க வேண்டாம். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். போன இடத்தில் ஓர் ஆண்டாவது விசாரியுங்கள்.

தற்காலிக நீக்கம் தவிர்க்க முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னால், அந்த நாட்களைப் பள்ளிக்குள்ளேயே, ஆலோசக ஆசிரியரின் அறையில் கழிக்க வையுங்கள் என்று சங்கம் எழுதிக் கேட்கட்டும். அரசாங்க சுகாதார நிலையங்களில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு உண்டு. பள்ளிக்கு வருகிற பல் மருத்துவக் குழுவிடமும் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. நிக்கோட்டின் பழகிய பிள்ளை அதை நிறுத்தினால் முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நாம் சரியாக அந்த நாட்களில்தான் அவனைத் தனியே விடுகிறோம்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமம் கொடுப்பது தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். ஜொகூர் 2016-இலேயே வேப் விற்பனையைத் தடுத்தது. பெர்லிசும் திரங்கானுவும் 2025 ஆகஸ்டு 1 முதல் தடுத்தன. மாநிலம் நினைத்தால் முடியும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தனியே கத்திக்கொண்டிருக்கிறது. இருபத்தெட்டுத் தமிழ்ப்பள்ளிச் சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் அந்தக் குரல் வேறு மாதிரி கேட்கும். எங்கள் தாத்தா கெடாவில் தோட்டத்துக்காரர். 1946, 47-இல் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடிய கதையை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எழுத்தறியாத தோட்டப் பாட்டாளிகள் அவர்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையன் இப்போது மூன்றாம் படிவம். இன்னும் என் வேனில்தான் வருகிறான், முன் இருக்கையில், என் பக்கத்தில். முழுதும் விட்டுவிட்டான் என்று என்னால் சொல்ல முடியாது. பள்ளி வாசலில் அவன் உள்ளே போகும்வரை வண்டியை நகர்த்துவதில்லை. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

உங்கள் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு தலைப்பாகச் சேருங்கள். கூட்டம் நடக்கிற தேதியை முன்கூட்டியே எனக்குச் சொல்லியனுப்புங்கள். போக்குவரத்து இல்லாத அம்மாக்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன். காசு வேண்டாம். தமிழில் விளக்க ஒருவரை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அன்புடன்,
செபராங் பிறையிலிருந்து ஒரு பள்ளி வேன் ஓட்டுநர்