அந்தப் பக்கத்தில் ஒரு வரி: பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பியதும் பொடி எழுத்தில் ஒரு பக்கம் வருமே, அதைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் பக்கம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் முகவரி அதில் இருக்கிறது. தொலைபேசி எண், ஐஎஸ்பிஎன், விலை, அட்டையை வடிவமைத்தவர், அச்சிட்டவர் எல்லாம் இருக்கிறது. புத்தகம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இருப்பதில்லை.

ஆண்டு முழுதும் படித்ததில் பிடித்தவற்றை டிசம்பரில் பட்டியலிட்டு எழுதுவது என் பழக்கம். இந்த ஆண்டு படித்தவை 46. பட்டியலுக்குத் தேறியவை ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியவர், மொழிபெயர்த்தவர், முதலில் வெளிவந்த ஆண்டு என்று மூன்று விவரம் போடுவேன். இதில் ஆராய்ச்சி எதுவும் கிடையாது, புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுத வேண்டியதுதான். ஆனால் ஒன்பதில் நான்குக்கு மூன்றாவது கட்டம் காலியாகவே நிற்கிறது. "முதற்பதிப்பு" என்று நீங்கள் போட்டிருக்கும் ஆண்டு, நீங்கள் அதை முதலில் அச்சடித்த ஆண்டு. எழுதியவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து அவருக்கு முதற்பதிப்பு வந்ததாக நான் எப்படி எழுதுவது?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். மடல் எழுத வைத்தது ஃபிராங்கென்ஸ்டைன்.

மேரி ஷெல்லியின் அந்த நாவலைத் தமிழில் படித்தேன். யார் வெளியிட்டது என்பது இங்கே வேண்டாம், உங்களில் யாராகவும் இருந்திருக்கலாம். அதில் எலிசபெத் கதாநாயகன் விக்டருக்கு அத்தை மகள். தாய் இறந்தபின் மாமன் வீட்டுக்கு வந்து வளர்கிறாள். இந்த உறவை வைத்தே ஒரு பத்தி எழுதியிருந்தேன். பத்து நாளில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. எலிசபெத் அத்தை மகள் இல்லையே, கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் இருந்த குழந்தையை விக்டரின் தாய் எடுத்துவந்து வளர்க்கிறாள், நீங்கள் நாவலை முழுதாகப் படித்தீர்களா என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அத்தை மகள்தான். அவரும் தன் பிரதியைப் பார்த்தார். வளர்ப்புப் பெண்தான். பதிலுக்குப் பதில் கடிதங்கள் போயின, கொஞ்சம் காரமாகவே. மூன்று மாலைகள் தேடியபின் விஷயம் புரிந்தது. 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த நாவலை மேரி ஷெல்லியே திருத்தி, புது முன்னுரையும் எழுதி 1831இல் மீண்டும் வெளியிட்டார். முதலாவதில் எலிசபெத் அத்தை மகள். இரண்டாவதில் எடுத்து வளர்த்த பெண். போதாக்குறைக்கு, அப்படி மாற்றிய பிறகும் உறவுமுறை சொல்லி அழைத்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் விட்டுவைத்திருக்கிறார். ஆசிரியையும் சரியாகப் படித்திருக்கிறார், நானும் சரியாகப் படித்திருக்கிறேன். இருவரும் படித்தது வேறு வேறு நாவல். "மூலம்: 1818ஆம் ஆண்டுப் பதிப்பு" என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அரைகுறை வாசகர் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்திருக்க மாட்டோம்.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.

எப்போதோ நடக்கும் விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. என் பட்டியலில் முதலிடம் புல்ககோவின் மாஸ்டரும் மார்கரிட்டாவும் நாவலுக்கு. அவர் 1940இல் இறந்தார். நாவல் 1966-67இல்தான் ஒரு மாஸ்கோ இதழில், தணிக்கையில் பல இடங்கள் வெட்டுப்பட்டு வெளிவந்தது. 1967இலேயே ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. ஒன்று வெட்டப்பட்ட பிரதியிலிருந்து, மற்றது முழுப் பிரதியிலிருந்து. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் ஒரு ருஷ்ய நாவல் இதில் எந்த வாசல் வழியாக வந்தது என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா? சிமோன் த பொவாரின் இரண்டாம் பாலினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 1949. 1953இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் நிறையப் பகுதிகள் விடுபட்டிருந்தன. முழுமையான ஆங்கிலப் பிரதிக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் பெயரைச் சொல்லாமல் "பிரெஞ்சு மூலம்" என்று மட்டும் போட்டால் அதை என்னவென்று சொல்வது? நாசூக்கான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். "உலக இலக்கியத்தின் ஒப்பற்ற மகுடம்" என்று பின்னட்டையில் போட இடம் இருக்கிறது. அதே மகுடம் பாதியாகச் சுருக்கப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இடம் கிடைப்பதில்லை. மறு அச்சை எல்லாம் மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று எண்ணி உயர்த்துகிறீர்கள், முதல் அச்சில் இருந்த பிழைகள் நான்காம் பதிப்பிலும் இடம் மாறாமல் உட்கார்ந்திருக்கின்றன. மெய்ப்புப் பார்த்தவர் பெயரை நீங்கள் போடாமல் விடுவது அவர்மேல் உள்ள கருணையால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சரி, அது வேறு மடலுக்கான சமாசாரம்.

இந்த ஆண்டுப் பட்டியலில் உ.வே.சா.வின் என் சரித்திரமும் உண்டு. முடிவடையாமலே நின்றுபோன அந்தத் தன்வரலாற்றில் என்னை இழுத்துக்கொண்டு போனது ஏடு தேடி அலைந்த கதைதான். செல்லரித்த ஓலையை வைத்துக்கொண்டு 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். தனக்கு உதவிய ஏட்டுப் பிரதிகள் யாரிடமிருந்து கிடைத்தவை என்பதை எழுதிவைப்பதைக் கடமையாகக் கொண்டிருந்தார். கணினியும் இணையமும் வைத்திருக்கும் உங்களிடம் நான் கேட்பது அதில் நூற்றில் ஒரு பங்கு.

வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிவந்தவன், இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் எழுதப்போகிறேன். வயது, வேலை என்று வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் உங்கள்மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு கட்டுரைக்கு நான் செலவிடும் நேரத்தில் பாதி, ஆண்டு தேடுவதிலும் மூலம் தேடுவதிலும் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். படிக்க வேண்டிய நேரம் அது. தவறாக எழுதி இன்னோர் ஆசிரியையிடம் திட்டு வாங்குவதைவிடக் குறைவாக எழுதுவது மேல்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். நூல் முதலில் வெளிவந்த ஆண்டு, எந்தப் பதிப்பிலிருந்து அல்லது யாருடைய மொழிபெயர்ப்பிலிருந்து தமிழுக்கு வந்தது, முழுமையானதா சுருக்கமா. அச்சிட்டவர் பெயருக்கு மேலே, அதே பொடி எழுத்தில் போட்டால்கூடப் போதும், கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.

என் பட்டியலை உங்களில் நான்கு பேருக்குத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் புத்தகத்துக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கும். நிரப்பித் திருப்பி அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்