படித்தவர்களும் ஏமாறுவது ஏன்?

ஆசிரியர் அவர்கட்கு,

‘மாதம் 10 வீத இலாபம்’ என்று உப்புவெளியிலோ மூதூரிலோ யாரும் காசு கேட்டால், முதலில் கணக்கைப் பாருங்கள். இலாபத்தையும் திரும்பப் போட்டால் 1 இலட்சம் ரூபாய் ஓராண்டில் ஏறத்தாழ 3 இலட்சத்து 14 ஆயிரமாகவேண்டும். எந்த மீன்வாடி, எந்த வயல் அப்படி உழைத்துத் தரும்? ஆளுக்கு 6 பேரைச் சேர்க்கும் பிரமிட் திட்டமென்றால் 10ஆம் படிக்கு மட்டும் 6 கோடிப் பேருக்கு மேல் தேவை. இலங்கையின் சனத்தொகையே இரண்டேகால் கோடியைத் தொடவில்லை.

இது ஓ.எல். பிள்ளைக்கும் விளங்கும் கணக்குத்தான். ஆனால் ஆசை முதலில் கையெழுத்து வைக்கிறது, அறிவு பிறகு அதற்கு நியாயம் தேடுகிறது. கெட்டிக்காரருக்கு நியாயங்களும் கூடுதலாகக் கிடைக்கும்! காசு சிக்கியதும் பயம் தொடங்கும். ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலி பெரிது என்று உளவியலாளர்களான கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினர். விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைப்பது இதனால்தான்.

பயந்து எல்லாவற்றையும் அலுமாரியில் பூட்டுவதும் சரியல்ல. விலைவாசி ஏறப் பூட்டிய காசின் மதிப்புக் கரையும்; 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவில் இருந்தது.

காசு கொடுக்குமுன் மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அதிலுள்ள வங்கிகளில் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை உண்டு. ‘இன்றே கடைசி நாள்’ என்றால் மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதற்கு ஆள் பிடித்து ஊக்குவிப்பதும் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். மைத்துனரைச் சேர்த்துவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வாசகர்,
திருகோணமலை.